கருப்பு வெள்ளையில் பொன்னுதுரை அண்ணாச்சி

“அடக்கம் எத்தனை மணிக்கு தம்பி?”

ஞாயிற்றுக்கிழமை காலை, பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே போனை எடுத்த நேசக்குமாருக்கு ஒன்றும் புரியவில்லை.

“யாருக்கு?”

“பொன்னுதுரை அண்ணாச்சிக்குத்தான். உங்க நம்பர்தான போட்டிருக்கு? மலர் வளையம் வாங்கணும்லா, அதான் கேக்கேன்.”

நேசக்குமார் வாயிலிருந்த நுரையை அப்படியே விழுங்கிவிட்டான்.

போன் வந்ததற்கு நியாயமாக அவன் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சென்னைக் கம்பெனி அவனை வேலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு, தூத்துக்குடியில் ஒரு மாடி அறையைப் பிடித்து ‘நேசம் வெப் டிசைன்’ என்று போர்டு மாட்டினான். அதன் பிறகு அவனை அழைத்தவர்கள் கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்கும் பெண்கள் மட்டும்தான். அந்தப் பெண்களிடமே “சாப்பிட்டீங்களா?” என்று கேட்கும் நிலைக்கு வந்திருந்தான். அவர்களும் சட்டென்று வைத்துவிடுவார்கள்.

உப்புக் கம்பெனி, ஷிப்பிங் ஆபீஸ், மீன் ஏற்றுமதிக்காரர் என்று ஏறி இறங்கி விசிட்டிங் கார்டு கொடுத்தான். எல்லோரும் “பாப்போம்” என்றார்கள். ஒருவர் அவன் கண் முன்னாலேயே கார்டின் மேல் டீ கிளாஸை வைத்தார். நாசரேத்தில் இருந்த அப்பா, “இந்த மாசத்துக்குள்ள ஒரு கஸ்டமரைக் காட்டு. இல்லைன்னா ஊருக்கு வந்து உங்க மாமா டியூஷன் சென்டர்ல உக்காரு” என்று சொல்லிவிட்டார்.

உட்காரச் சொன்னவர் பொன்னுதுரை அண்ணாச்சி ஒருவர்தான். உடன்குடிக்காரர், மார்க்கெட்டில் கருப்பட்டி மண்டி வைத்திருக்கிறார். மண்டியில் பொட்டலம் கட்டி, அப்படியே அவர் வீட்டுக்கும் சமைத்துப்போடும் பேச்சிச்செல்வி சுக்குக் காப்பி கொண்டு வந்தாள்.

“மாதிரி ஒண்ணு செஞ்சு காட்டும்வே. பிடிச்சா பாப்போம்” என்றார் அண்ணாச்சி. பிறகு வெப்சைட்டை விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். மகன் இன்பமணி மஸ்கட்டில், மகள் பெனிஷா பெங்களூரில். வீட்டுக்காரம்மா இறந்த பிறகு இரண்டு பேரும் வருவது குறைந்துவிட்டது. “ஞாயித்துக்கிழமை போன் வரும். வந்தா வரும்” என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் நேசக்குமார் மாதிரியைக் கொண்டுபோய்க் காட்டினான். சென்னையில் பழகிய கை. அண்ணாச்சியின் முகத்தைக் கருப்பு வெள்ளையில் பெரிதாகப் போட்டு, சுற்றிலும் நிறைய வெற்றிடம் விட்டு, கீழே ‘1957 – 2025’ என்று மண்டி தொடங்கிய வருடத்தையும் நடப்பு வருடத்தையும் போட்டிருந்தான். அதற்கும் கீழே ஒரு வரி: ‘என்றும் இனிக்கும் நினைவு’. அவன் சொன்னது கருப்பட்டியை. தொடர்புக்கு என்று ஓரத்தில் தன் போன் நம்பரையும் போட்டிருந்தான்.

அண்ணாச்சி ரொம்ப நேரம் அதைப் பார்த்தார்.

“ஏதாவது மாத்தணுமா அண்ணாச்சி?”

“ஒண்ணும் மாத்தாதேயும். லிங்க்கை வாட்சப்புல அனுப்பும். கண்ணாடி போட்டு நிதானமா பாக்கேன்.”

டிசைனில் ஆள் விழுந்துவிட்டார் என்று நினைத்து, அன்றைக்குப் பரோட்டாவோடு ஆம்லெட்டும் சேர்த்துச் சாப்பிட்டான்.

இப்போது பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தான். வெப்சைட்டாக அது தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டினால் நாலு பேர் நின்று ‘உச்’ கொட்டிவிட்டுப் போவார்கள். ‘கண்ணீர் அஞ்சலி’ என்ற இரண்டு வார்த்தைதான் பாக்கி.

அந்தப் பதற்றத்திலும் ஒரு மூலையில் அவனுக்குப் பெருமையாக இருந்தது. நேற்று ராத்திரி ஏற்றிய பக்கத்தை ஊர் முழுக்கப் பார்த்திருக்கிறது என்றால், கூகிளில் முதலிடத்துக்கு வந்திருக்க வேண்டும். தன் கைராசியை மெச்சிக்கொண்டே அண்ணாச்சியைக் கூப்பிட்டான். போன் அணைக்கப்பட்டிருந்தது. லேப்டாப் பையோடு மார்க்கெட்டுக்கு ஓடினான். ஞாயிற்றுக்கிழமை; மண்டி ஷட்டர் இறங்கியிருந்தது. ஒருவேளை நிஜமாகவே போய்விட்டாரோ என்று அவனுக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது.

அங்கேயே படியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து படத்தைக் கலராக்கினான். அது போதாதென்று மேலே சிவப்பு எழுத்தில், ‘அண்ணாச்சி நலமாக இருக்கிறார். வதந்திகளை நம்ப வேண்டாம்’ என்று போட்டான்.

இதைவிடப் பெரிய தப்பு வேறு கிடையாது. நலமாக இருக்கிறார், நம்ப வேண்டாம் என்று அறிவிப்பு வந்தாலே நம் ஊரில் மிச்சமிருக்கும் சந்தேகமும் தீர்ந்துவிடும். உடன்குடியிலிருந்து ஒருவர் கூப்பிட்டார்.

“ஆஸ்பத்திரியில இருந்து பாடியைக் குடுத்துட்டாங்களா தம்பி? நாங்க வேன் பேசிட்டோம்.”

“ஐயா, அவங்க நல்லா இருக்காங்க.”

“சரி சரி, புரியுது. மகன் வர்ற வரைக்கும் அப்படித்தான் சொல்லணும்.”

அடுத்த பத்தாவது நிமிஷம் பக்கத்தையே எடுத்துவிட்டான். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

“திடீர்னு எடுத்துட்டீங்களாமே,” என்றாள் ஒரு அம்மாள், குரலைத் தாழ்த்தி. “சொத்துல ஏதும் தகராறா? ஆமா, நீங்க யாரு? மகனா?”

“இல்லம்மா. வெப் டிசைனர்.”

“அப்ப மருமகன்தான?”

மத்தியானம் வரை போன் ஓயவில்லை. அண்ணாச்சியோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஒருவர், இரண்டு பேரும் சேர்ந்து மணப்பாட்டுக் கடலில் மூழ்கித் தப்பியதைச் சொன்னார். நேசக்குமார் ம் கொட்டிக் கேட்டான். சென்னையிலிருந்து வந்த பிறகு ஒரு மனிதர் அவனோடு இவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல்முறை. அந்தச் சந்தோஷத்தில், அண்ணாச்சி உயிரோடு இருக்கிறார் என்று சொல்லவே மறந்துபோனான்.

போனை வைத்ததும், நான் செத்தால் யார் நேரம் கேட்டுக் கூப்பிடுவார்கள் என்று நினைத்துப் பார்த்தான். கிரெடிட் கார்டுப் பெண் கூப்பிடுவாள். எடுக்கவில்லை என்றால் மறுநாளும் கூப்பிடுவாள்.

மில்லர்புரத்தில் இருந்த அண்ணாச்சியின் வீட்டுக்கு, மலர் வளையம் கொண்டுபோகும் ஒருவர்தான் அவனுக்கு வழி சொன்னார். இருந்த ஒரே கஸ்டமரையும் கொன்றாகிவிட்டது, காலில் விழுந்துவிட்டு நாசரேத் பஸ் ஏறிவிடலாம் என்று புறப்பட்டான்.

வாசலில் சாமியானா. பிளாஸ்டிக் நாற்காலிகள். ஐஸ் பெட்டி கொண்டு வந்த வண்டிக்காரர், “வந்துபோன வாடகையாவது யாராவது குடுங்க” என்று நின்றுகொண்டிருந்தார். கூட்டத்துக்கு நடுவில், புதுச்சட்டை போட்டு, பேத்தியை மடியில் வைத்து முறுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார் காலமானவர்.

“நீங்கதானா அந்த வெப்சைட்காரர்?” என்று எழுந்து வந்தாள் பெனிஷா. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. “பெங்களூர்ல இருந்து ராத்திரியெல்லாம் கார்ல எப்படி வந்தேன்னு தெரியுமா? அப்பா போன் ஆஃப். பேச்சியக்கா போனும் ஆஃப். அண்ணன் இப்பதான் திருவனந்தபுரத்துல இறங்கியிருக்கான். ஆறு வருசமா லீவு இல்லைன்னு சொன்னவன்!”

“மன்னிச்சிருங்க மேடம். சென்னையில இந்த ஸ்டைல்தான்...”

“விடு பெனி,” என்றார் அண்ணாச்சி, பெரிய மனசோடு. “சின்னப் பையன், தெரியாம செஞ்சிட்டான். வே, உக்காந்து சாப்பிடும்.”

துக்க வீட்டுக்கென்று வந்தவர்கள் எல்லோரும் கல்யாண வீட்டில் சாப்பிடுவது போலச் சாப்பிட்டார்கள். நேசக்குமாருக்கு ஒரு பக்கம் உடன்குடிக்காரர், மறுபக்கம் அவனை மருமகன் ஆக்கிய அம்மாள். சோறு போதுமா, குழம்பு ஊத்தவா என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். அவன் குழம்பில் காரம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

யாரிடமும் சொல்லாமல் நழுவி, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பேச்சிச்செல்வி பின்னாலேயே வந்தாள். கையில் ஓலைக் கொட்டானில் கருப்பட்டி.

“அண்ணாச்சி குடுக்கச் சொன்னாவ. நாளைக்கு மண்டிக்கு வந்து வேலையை ஆரம்பிக்கணுமாம்.”

“எனக்கா வேலை? இவ்வளவு நடந்தப்புறமுமா? கூகிள்ல இப்படி முதல்ல வந்து நிக்கும்னு நான் நினைக்கவே இல்லக்கா.”

பேச்சிச்செல்வி உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“எந்தக் கூகிளு? நேத்து ராத்திரி அதைப் பிள்ளைகளுக்கு அனுப்பிட்டு, ரெண்டு போனையும் அணைச்சு அரிசிப் பானைக்குள்ள போட்டதே அண்ணாச்சிதான். இந்தத் தெருவுல இன்னும் மூணு பேரு உங்க கார்டு கேக்காவ தம்பி, அவிய பிள்ளைகளும் வெளியூர்லதான்.”