நான் அழைத்துவந்த அத்தை

ஒரு மனிதன் களைத்துப்போயிருக்கிறான் என்பது அவன் வீட்டுக்குத் தெரியும், அலுவலகத்துக்குத் தெரியும், தெருமுனை டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும். கடைசியாகத் தெரிவது அவனுக்குத்தான். எனக்கு அது தெரியவந்தது, முன்பின் அறியாத ஒரு குடும்பத்தின் கல்யாண மண்டபத்தில், முன்வரிசை நாற்காலியில், வாயைத் திறந்தபடி தூங்கி விழித்த பிறகு.

அப்போது நான் ஒரு மருந்து விநியோக நிறுவனத்தில் காரைக்கால் பகுதியைக் கவனித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பகுதியைப் பார்த்துவந்தவர் வேலையை விட்டுப் போனதும், சென்னையிலிருந்து மேலாளர் சுந்தர் சார் கூப்பிட்டு, "கொஞ்ச நாளைக்கு அதையும் பாத்துக்கங்க முருகவேல்" என்றார். பார்த்துக்கொண்டேன். அந்தக் கொஞ்ச நாள் முடிவதாக இல்லை. இது போதாதென்று கோயில் கும்பாபிஷேகக் குழுவில் சேர்ந்தேன், சித்தப்பா மகனின் கல்லூரிச் சேர்க்கைக்கு அலைந்தேன், தெருவில் தண்ணீர் வராவிட்டாலும் நான்தான் போன் செய்தேன். (யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நான் இல்லாவிட்டால் காரைக்காலே நின்றுவிடும் என்று நானாகவே நம்பிக்கொண்டிருந்தேன்.)

மகள் யாழினி ஒருநாள், "அப்பா, விளையாட வர்றியா?" என்று கேட்டதற்கு, "இதப் பத்தித் தனியாப் பேசிக்கலாம்" என்று பதில் சொன்னேன். எனக்குப் பிடித்த வஞ்சிரக் குழம்பு காகித அட்டையைச் சப்புவதுபோல இருந்தது. படுத்தால் தூக்கம் வராது, எழுந்தால் தூக்கம் போகாது.

என் மனைவி கலைச்செல்வி பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. மைதானத்தின் அந்தக் கோடியில் ஓடும் பிள்ளைக்கு எந்தக் கால் வலிக்கிறது என்று இந்தக் கோடியிலிருந்தே சொல்லிவிடுவாள். "டாக்டரப் பாத்துட்டு வருவோங்க" என்று அவள் சொன்னபோது, "மார்ச் முடியட்டும்" என்றேன். ஏப்ரலில் கேட்டபோது, "மார்ச் வேலையே இன்னும் முடியல" என்றேன்.

சம்பவம் நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அம்பகரத்தூரிலிருந்து என் மாமியார் பஸ்ஸில் வருகிறார். பேருந்து நிலையத்துக்குப் போய்க் காரில் கூட்டிவர வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"அம்மா பச்சப் புடவ கட்டியிருக்காங்களாம். கையில மஞ்சக் கட்டைப்பை" என்றாள் கலைச்செல்வி. கல்யாணமாகிப் பல வருடம் ஆனவனுக்குச் சொந்த மாமியாரின் அடையாளத்தைச் சொல்லி அனுப்புகிறாளே, அதிலிருந்தே என் நிலைமையை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

பேருந்து நிலையத்தை அடையும்போது சுந்தர் சார் லைனில் இருந்தார். காதில் போன் பேசும் கருவியை மாட்டிக்கொண்டு பேசியபடியே இறங்கினேன். பச்சைப் புடவை தெரிந்தது. மஞ்சள் பையும் தெரிந்தது. முகத்தைப் பார்க்க எனக்கு நேரமில்லை. "வாங்க அத்தை, ஏறுங்க" என்று பின்கதவைத் திறந்துவிட்டேன். அந்த அம்மாளும் ஏறிக்கொண்டார்.

அவர் ஏன் ஏறினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் பெயர் ராஜேஸ்வரி. திருமலைராயன்பட்டினத்தில் அன்று கல்யாணம் நடக்கவிருந்த ஒரு பெண்ணுக்குச் சொந்த அத்தை. மயிலாடுதுறையில் ரவிக்கை தைத்து வாங்கி, முகூர்த்தத்துக்குக் கட்டவேண்டிய கூறைப்புடவையோடு பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். மண்டபத்திலிருந்து கார் வரும் என்று சொல்லியிருந்தார்கள். காரும் வந்தது, காரோட்டி வந்தவன் 'அத்தை' என்றும் கூப்பிட்டான். அப்புறம் ஏறாமல் என்ன செய்வார்?

வழியில் அவர் என்னிடம் பேசிக்கொண்டே வந்திருக்கிறார். நான் சுந்தர் சாரிடம் பேசிக்கொண்டே வந்திருக்கிறேன். எங்கள் வாடிக்கையாளரான ஒரு மருந்துக்கடைக்காரர், தன் கடைகளுக்கு இன்னொரு விநியோக வண்டி விட்டால்தான் ஒப்பந்தம் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தார். அதைப் பற்றிய பேச்சு. என் காதுக்குள் கருவி இருந்தது பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. பிற்பாடு அவர் சொன்னபடி, எங்கள் உரையாடல் இப்படிப் போயிருக்கிறது.

"மாப்ள வூட்டுக்காரங்கள்லாம் வந்தாச்சா தம்பி?"

"வந்து உக்காந்திருக்காருங்க. ஆனா ஒத்துக்க மாட்டேங்குறாரு."

"என்ன தம்பி சொல்றீங்க?"

"ஒரு வண்டி பத்தாதாம். இன்னொரு வண்டி வேணுங்குறாரு."

"முகூர்த்த நேரத்துல வந்தா வண்டி கேக்குறாங்க?"

"இன்னைக்கே முடிவு சொல்லணுமாம். இல்லன்னா வேற எடம் பாத்துக்கிறேங்குறாரு."

அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லையாம். புடவைப் பையை மடியில் இறுக்கிக்கொண்டு, மண்டபத்தில் இறங்கியதும் யாரை என்ன கேட்பது என்று மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டு வந்திருக்கிறார்.

வீட்டு வாசலில் கார் நின்றது. கதவைத் திறந்த கலைச்செல்வி, இறங்கிய அம்மாளைப் பார்த்துத் திகைத்தாள். மாப்பிள்ளை வீட்டார் தங்கியிருக்கும் வீடு என்று நினைத்துக்கொண்டு ராஜேஸ்வரி அம்மாள் நேராக அவளிடம் போனார்.

"எங்க அந்த மாப்ள? வரச் சொல்லுங்க."

கலைச்செல்வி ஒன்றும் புரியாமல் என்னைக் காட்டினாள். "மாப்ள இவருதாங்க."

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "இவரா? போட்டாவுல நல்லா இருந்தாரே." பிறகு குரல் உயர்ந்தது. "எங்க புள்ளைக்கு என்ன கொறைச்சலுன்னு இன்னொரு வண்டி கேக்குறீங்க?"

நான் அப்போதும் லைனில் இருந்தேன். "ஒரு நிமிஷம் சார், இங்க ஒரு சின்னப் பிரச்சினை" என்றேன், சுந்தர் சாரிடம்.

அந்த நேரத்தில் கலைச்செல்வியின் போன் அடித்தது. அவள் அம்மா. பேருந்து நிலையத்திலிருந்து பேசினார். குரல் எனக்கே கேட்டது. "மாப்ள காரைப் பாத்தேம்மா. யாரையோ ஏத்திக்கிட்டுப் போறாரு. நான் கையைக் காட்டினேன். அவரும் பதிலுக்குக் கையைக் காட்டிட்டுப் போயிட்டாரு. ஏதோ அவசரம் போல. நான் ஆட்டோ புடிச்சு வந்துர்றேன்."

என் மனைவியை நான் அன்றுதான் முழுசாகப் பார்த்தேன் என்று சொல்வேன். அவள் கத்தவில்லை. அந்த அம்மாளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். எந்த ஊர், எந்த மண்டபம், முகூர்த்தம் எப்போது என்று மூன்றே கேள்வி கேட்டாள். தன் போனைக் கொடுத்து மண்டபத்துக்குப் பேசச் சொன்னாள். அங்கே புடவை வராமல் மணப்பெண் அழுதுகொண்டிருந்தாள். அவர்கள் அனுப்பிய கார் பேருந்து நிலையத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

"சாவியக் குடுங்க" என்றாள் என்னிடம்.

"நானே ஓட்டிடறேன்."

"நீங்க பின்னாடி உக்காருங்க."

கிளம்பும்போது ஆட்டோவில் என் உண்மையான மாமியார் வந்து இறங்கினார். பச்சைப் புடவைதான். கலைச்செல்வி என் காதிலிருந்த கருவியைக் கழற்றி, சட்டைப் பையிலிருந்த போனையும் எடுத்து, வீட்டுச் சாவியோடு சேர்த்து அவர் கையில் கொடுத்தாள். "அம்மா, யாழினி தூங்குறா, பாத்துக்க. இவரு போன்ல யாரு கூப்பிட்டாலும் நீயே பேசு."

அரசலாற்றுப் பாலத்தை அவள் கடந்த வேகத்தை இங்கே எழுதினால் ஆசிரியை வேலைக்கு ஆபத்து. மேளம் ஓங்கும் முன்பே புடவை மணப்பெண் அறைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. வண்டி கேட்டது யார் என்ற விவகாரத்தையும் அவளே பெண்ணின் அப்பாவிடம் விளக்கினாள். நேரில் மன்னிப்புக் கேட்பதற்காக நான் முன்வரிசையில் ஒரு நிமிடம் உட்கார்ந்தேன்.

அவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது. காதருகே நாதஸ்வரமும் தவிலும் முழங்க, கெட்டிமேளம் கொட்ட, என் மேலும் அட்சதை விழ, நான் தூங்கினேன். மாப்பிள்ளை வீட்டார் யாரோ, "காலங்காத்தாலயே குடிச்சிட்டு வந்துட்டாரா?" என்று கேட்டிருக்கிறார். ராஜேஸ்வரி அத்தைதான் (இதற்குள் எனக்கும் அத்தை ஆகிவிட்டார்) பதில் சொல்லியிருக்கிறார்: "குடிக்கலங்க, ஒழைச்சுட்டு வந்திருக்காரு. யாரும் எழுப்பாதீங்க." ஒரு பெரிய மின்விசிறியை என் பக்கம் திருப்பிவைத்ததும் அவர்தான். கொஞ்ச நேரம் முன்பு என்னால் நெஞ்சு பதறிப்போயிருந்த மனுஷி.

கண்விழித்தபோது மண்டபத்து நாற்காலிகளையெல்லாம் அடுக்கிவிட்டிருந்தார்கள். என்னுடையது மட்டும் நடுவில் நின்றது, நான் அதில் இருந்தேன். எதிரே தரையில் சம்மணம் போட்டு கலைச்செல்வி உட்கார்ந்திருந்தாள். இருவரும் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தோம். ராஜேஸ்வரி அத்தை வந்து, "நல்லாத் தூங்குனீங்களா தம்பி? இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்தவா?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தமாக, அடக்கமுடியாமல், இலைக்கு முன்னால் குனிந்து அழுதேன். ரசத்துக்காக அழுகிறேனா எதற்காக அழுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கலைச்செல்வி முதுகில் கை வைத்தாள். "அழுதுட்டு சாப்பிடுங்க. அவசரமில்ல" என்றாள். பள்ளிக்கூடத்தில் ஓடி விழுந்த பிள்ளைகளிடம் அவள் பேசும் குரல் அது.

இதற்கிடையில் வீட்டில் சுந்தர் சார் பல தடவை கூப்பிட்டிருக்கிறார். என் மாமியார் எடுத்துப் பேசியிருக்கிறார்.

"முருகவேல் இல்லைங்களா?"

"கல்யாணத்துக்குப் போயிருக்காருங்க. அங்க தூங்குறாராம். எழுப்பக்கூடாதுன்னு மவ சொல்லியிருக்கு."

"ரொம்ப அவசரம்மா."

"இருக்கட்டுங்க. நீங்க சாப்பிட்டீங்களா?"

"இல்லம்மா" என்றாராம் சுந்தர் சார். "மொதல்ல போய்ச் சாப்பிடுங்க. ஞாயித்துக்கெழமை கறி கிறி எடுத்தாங்களா வீட்டுல?" என்று இவர் விசாரிக்க, பேச்சு நீண்டு, அவருக்கு ரத்தக்கொதிப்பு இருப்பது, தூக்கம் வராதது எல்லாம் என் மாமியாருக்குத் தெரிந்துவிட்டது. அவரோடு வருடக்கணக்காகப் பேசிய எனக்கு இதில் ஒன்றும் தெரியாது.

மறுநாள் டாக்டரிடம் போனோம். "கடைசியா எப்ப சந்தோஷமா இருந்தீங்க?" என்று கேட்டார். "பாத்துட்டு சொல்றேன் சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. சோம்பலும் இல்லை, பலவீனமும் இல்லை, ஓய்வே கொடுக்காமல் வேலை வாங்கியதில் உடம்பும் மனசும் சேர்ந்து கையை விரித்துவிட்டன என்றார். நீண்ட விடுப்புக்குச் சீட்டு எழுதினார். தூக்கம் சரியாகும்வரை தன்னை வந்து பார்க்கச் சொன்னார்.

விடுப்பில் இருப்பது எனக்குப் பழக்கமில்லை. முதல் வாரம் சமையலறை டப்பாக்களை உயரவாரியாக அடுக்கி எல்லோருடைய வெறுப்பையும் சம்பாதித்தேன். கலைச்செல்வி சாயங்காலம் கடற்கரைக்குக் கூட்டிப்போவாள். வேகமாக நடந்தால் நிறுத்திவிடுவாள். "பந்தயம் இல்லைங்க இது" என்பாள். பிறகு 'முடியாது' என்று சொல்லப் பழக்கினாள். பள்ளிக்கூட விசிலை ஊதுவாள், நான் "முடியாதுங்க" என்று சொல்லவேண்டும். என் குரல் மன்னிப்புக் கேட்பதுபோல இருந்தால் மறுபடியும் விசில். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

வேகமாக ஒன்றும் சரியாகவில்லை. ஒருநாள் குழம்பில் புளி தூக்கலாக இருக்கிறது என்று சொன்னேன். கலைச்செல்வி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, என் நாக்குக்கு ருசி திரும்பிவிட்டது என்று அவள் அம்மாவுக்குப் போன் செய்தாள். திரும்ப வேலைக்குப் போனபோது, பக்கத்துப் பகுதிக்குச் சுந்தர் சார் வேறு ஆள் போட்டிருந்தார். நான் கேட்பதற்கு முன்பே. அவரும் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் யாரையும் கூப்பிடுவதில்லை, என் மாமியாரைத் தவிர.

திருமலைராயன்பட்டினத்துக் குடும்பத்தோடு இன்றும் போக்குவரத்து உண்டு. அவர்களின் கல்யாண ஆல்பத்தில், மேடை ஓரத்திலிருந்து எடுத்த தாலி கட்டும் படத்தில் மணமக்களுக்குப் பின்னால் நான் தெளிவாக விழுந்திருக்கிறேன். 'தூங்குற சித்தப்பா' என்றுதான் அந்த வீட்டுப் பிள்ளைகள் என்னை அழைக்கிறார்கள்.

எங்கள் வீட்டிலும் அது ஒரு பேச்சாகிவிட்டது; கல்யாணம் என்றால் நான் போய்த் தூங்கும் இடம். போன மாதம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவரை மனைவியோடு சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். அந்த வாரம் வேலை கொஞ்சம் அதிகம். சாப்பாட்டுக்கு நடுவே நான் ஏதோ யோசனையில், சாம்பாரைத் தண்ணீர் டம்ளரில் ஊற்றிக்கொண்டேன். யாழினி என்னை உற்றுப் பார்த்துவிட்டு, விருந்தாளிகள் முன்னாலேயே சொன்னாள்:

"அம்மா, அப்பாவுக்குச் சீக்கிரம் ஒரு கல்யாணம் பாக்கணும்."

வந்தவர்கள் இருவரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் மனைவியைப் பார்த்தார்கள். கலைச்செல்வி அப்பளத்தை உடைத்துக்கொண்டே சொன்னாள்: "நானும் அதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."