வெறுங்குழாயில் எழுந்த கோடு

கரி ஆராய்ச்சியாளர் என்றோர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். சட்டைக் கையில் கறுப்பு, முகத்தில் உலகத்தையே சுட்டுப் பார்த்துவிட்ட திருப்தி.

மரத்தூள், சர்க்கரை, காகிதம் என்று எதையாவது காற்றுப் படாமல் சூடாக்கிக் கரியாக்குவதுதான் அவர் தொழில். அந்தக் கரிக்குள் ஜோடியை இழந்த சில எலக்ட்ரான்கள் வருஷக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருக்குமாம். ஃப்ரீ ராடிக்கல் என்பார்கள். கரியைக் கண்ணாடிக் குழாயில் போட்டுக் கருவிக்குள் வைத்தால் திரையில் ஒரு கோடு எழுந்து விழும்; ராடிக்கல் இருப்பதற்கு அதுதான் அடையாளம். அளவு மீறிச் சுட்டால் ராடிக்கல் ஓடியே போய்விடும் என்பது வேறு விஷயம். நம்மவர் சுடுவது எப்போதும் அளவு மீறித்தான்.

முதலில் மரத்தூளைச் சுட்டார், கோடு வந்தது. பிறகு கோணிப்பை, மனைவியின் மரக்கரண்டி, மாமனார் சற்றே உட்கார்ந்த நேரம் பார்த்து அவருடைய கைத்தடி என்று எதைச் சுட்டாலும் அதே இடத்தில், அதே உயரத்தில், அதே கோடு. சந்தேகப்பட்டாரா? அவராவது, சந்தேகப்படுவதாவது! 'எல்லாக் கரியிலும் ஒரே ராடிக்கல்' என்று கொள்கையே வகுத்துவிட்டார். அதை நம்பி ஆய்வேட்டை எழுதி முடித்த மாணவி ஒருத்தி, பட்டம் வாங்க அவர் கையெழுத்துக்காக வந்து நின்றாள்.

அவர் பேனாவைத் திறந்தபோதுதான் அவளுக்கு அந்தக் கேள்வி வந்தது.

"சார், வெறும் குழாயை வெச்சுப் பாத்தோமா?"

"எதுக்கும்மா? ஒண்ணுமில்லாததுல என்ன வரப்போகுது?"

அவள் வைத்தாள். கோடு வந்தது. என்றைக்கோ ஒட்டிய பழைய கரி, கழுவாத குழாயிலேயே குடித்தனம் நடத்தியிருக்கிறது. பெண்ணின் முகம் வெளுத்துப்போனது. சார் துள்ளிக் குதித்தார்.

"பாத்தியா, கரியே இல்லாம வருது! நம்ம கொள்கை நான் நெனச்சதைவிடப் பெருசும்மா. கண்ணாடியையும் சேத்து இன்னொரு அத்தியாயம் எழுதிடு!"

பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அந்தப் பெண் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் போன வீட்டுக்காரர் மோசம், இந்த வீட்டுக்காரர் அதைவிட மோசம், பழைய மேலதிகாரி சிடுமூஞ்சி, புதியவரும் சிடுமூஞ்சி, மூத்த மருமகள் வாயாடி, இளையவளும் வாயாடி என்று போன வாரம் என்னிடம் புலம்பினீர்களே, எங்கே போனாலும் அதே சண்டை, அதே உயரம்! எதிரில் யாருமில்லாத அறையில் ஒருநாள் தனியாக உட்கார்ந்து பாருங்களேன்.

அப்போதும் கோடு எழுந்தால் என்னிடம் சொல்ல வேண்டாம். சத்தமில்லாமல் குழாயைக் கழுவிவிடுங்கள்.