வரேன், சார்

மூன்று நாளாகத் தயாளன் தன் கோச்சிடம் 'போகிறேன்' என்று சொல்லப் போய்க்கொண்டிருந்தான். மூன்று நாளும் "வரேன், சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தான்.

குற்றம் அவனுடையதல்ல, தமிழினுடையது. சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பலாம். மற்ற எல்லா இடத்திலும் 'வரேன்'தான். அதற்கு ஞானையா சாரும் தவறாமல், "வா, வா. காலைல அஞ்சரைக்கு," என்றார்.

தயாளன் தொழில்முறை டென்னிஸ் ஆட்டக்காரன். அந்த 1991-இல் உலக வரிசையில் அறுநூற்று நாற்பத்தோராவது இடம். கிழக்குத் தாம்பரத்தில் முதலிடம். இரண்டாமிடத்துக்கு ஆள் கிடையாது. ஒன்பது வயதில் அவன் கையில் மட்டையைத் திணித்தவர் ஞானையா. பதினான்கு வருஷமாகச் செம்பாக்கத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்து, ஒற்றை மண் கோர்ட்டில் அவனுக்குப் பந்து போட்டவர்.

இப்போது அடையாறு கோச் சாலமோன், ஒரே ஒரு ஆட்டக்காரனை மூன்று மாதம் ஐரோப்பாவுக்கு அழைத்துப் போகிறார். அந்த ஒருவன் தயாளன். நிபந்தனையும் ஒன்றுதான்: "பழைய கோச்கிட்ட ஒழுங்கா சொல்லிட்டு வா. திங்கட்கிழமை வரைக்கும் டைம்."

வாய்க்கு வராததைத் தாளாவது சொல்லட்டும் என்று, ஸ்டேஷன் பக்கத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனான்.

"லீவ் லெட்டரா, ராஜினாமாவா?" என்று கேட்டார் டைப் அடிப்பவர்.

"ரெண்டுக்கும் நடுவுல, சார்."

"நடுவுல ஃபார்மட் கிடையாது தம்பி."

ராஜினாமாவே ஆயிற்று. குடும்பச் சூழ்நிலை காரணமாக மாணவர் பதவியிலிருந்து விலகி, திரு. சாலமோனிடம் சேர்கிறேன் என்று நல்ல ஆங்கிலத்தில் ஒரு முழுப் பக்கம். சாலமோன் பெயர் மட்டும் பெரிய எழுத்தில்.

மறுநாள் காலை ஞானையா கடிதத்தைப் பிரித்தார். பார்த்தார். பிறகு கையை நீட்டித் தள்ளி வைத்துப் பார்த்தார்.

"வெள்ளெழுத்து வந்துடுச்சுடா. எல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. நீயே படிச்சு தமிழ்ல சொல்லு."

தயாளன் தொண்டையைச் செருமினான். எதிரே, கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளிக்கும் கிளியம்மாளும் வாளியை வைத்துவிட்டு நின்றாள்.

"அன்புள்ள சார்... நான் இந்த நிலைமைக்கு வந்ததுக்கு நீங்கதான் காரணம்."

"அறுநூத்தி நாப்பத்தொண்ணு. சரி, மேல படி."

"அதுக்கு ரொம்ப நன்றி."

"ஒரு பக்கம் பூரா அடிச்சிருக்கே, அவ்ளோதானா?"

"இல்ல சார்... உங்களை விட்டு நான் எங்கயும் போகமாட்டேன்."

"நடுவுல ஏதோ கொட்டை எழுத்துல இருக்கே?"

"அது சாலமோன் சார் பேரு. அவரே வந்து கூப்பிட்டாலும் போகமாட்டேன்னு..."

ஞானையா கடிதத்தை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நல்லா எழுதியிருக்கே. ஞாயித்துக்கிழமை நம்ம கோர்ட்டோட ஆண்டு விழா. இதையே மைக்ல படிச்சுடு. சீஃப் கெஸ்ட்டுக்குத்தான் ஆளைத் தேடிக்கிட்டிருந்தேன். சாலமோனையே கூப்பிட்டுடறேன்."

ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் தயாளன் அடையாறுக்கு எட்டுத் தடவை போன் போட்டான். எட்டுத் தடவையும் மணி அடித்தது, எடுக்க ஆளில்லை. ஞாயிறன்று காய்ச்சல் என்று படுத்துப் பார்த்தான். ஞானையாவே சைக்கிளில் வந்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்து, கேரியரில் உட்கார வைத்து அழைத்துப் போனார்.

மேடையில் அவன் கையில் அதே கடிதம். முன்வரிசையில் சாலமோன். ஆங்கிலத்தில் 'விலகுகிறேன்' என்றிருந்த இடத்தில் தமிழில் "விலகமாட்டேன்" என்றான். கைதட்டல் வந்தது. பயத்தில் குரல் உடைந்தது. இன்னும் பலமாகத் தட்டினார்கள். ஞானையாவுக்குப் பொன்னாடை போர்த்தியபோது சாலமோன் சொன்னார்: "இந்தப் பையனைப் பிரிக்கிறது பாவம்."

தயாளன் கார் வரைக்கும் ஓடினான்.

"சார், அது எல்லாம் பொய் சார்!"

"எது? மைக்ல சொன்னதா?"

"ஆமா சார்."

"பதினாலு வருஷம் பந்து போட்டவர் கிட்டயே மைக் வெச்சுப் பொய் சொல்றே. என்கிட்ட எதை வெச்சு சொல்லுவே?"

மாருதி வேளச்சேரி ரோட்டில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. கூடவே ஐரோப்பாவும் போயிற்று.

போகட்டும், பழைய கோச்சாவது மிஞ்சினாரே என்று கோர்ட்டுக்குத் திரும்பினான். நாற்காலிகளை அடுக்கியாகிவிட்டது. ஞானையா பொன்னாடையை மடித்து கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"காலைல அஞ்சரைக்கு வந்துடறேன், சார்."

ஞானையா சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டார்.

"போறேம்ப்பா," என்றார். போய்விட்டார்.

தயாளனுக்குத் திக்கென்றது. சாருக்கு இப்படியெல்லாம் பேச்சு வராதே. சரிதான், கண்ணுக்கு அடுத்தபடியாக நாக்கும் தடுமாறுகிறது, வயசு. மனசு இளகியது. மூலையில் உட்கார்ந்து கிழிந்த நெட்டைத் தைத்துக்கொண்டிருந்த கிளியம்மாளிடம் சொன்னான்:

"அக்கா, பாவம் சார். முதல்ல அவருக்கு ஒரு நல்ல கண்ணாடி வாங்கிக் குடுக்கணும்."

கிளியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா தம்பி, சாருக்கா கண்ணாடி? வெள்ளெழுத்து எனக்குத்தான். தெனம் காத்தால ஊசில நூலு கோத்துக் குடுக்கறதே அவருதானே!"