நகரும் மேசைகள் குறித்து மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் என் முழங்கால் நீங்கலாக நலம். அங்கே நீங்களும் என் மகளும் முழங்கால் உட்பட நலமாக இருக்க வேண்டும்.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மாப்பிள்ளையைக் குறை சொல்கிற பழக்கம் நம் குடும்பத்தில் இல்லை. நடந்ததை மட்டும் வரிசையாக எழுதுகிறேன். எங்கள் கல்லூரி நூலகத்தை நீங்கள் நவீனமாக மாற்றிக் கொடுத்து இன்றோடு மூன்று வாரம். மீதி இரண்டு மாடிகளையும் உங்களிடமே கொடுக்கலாமா என்று முடிவு செய்ய அடுத்த வாரம் கூட்டம் போடுகிறார்கள். "நூலகர் நல்லா இருக்குன்னு சொன்னா கொடுத்துடலாம்" என்று முதல்வர் சொல்லிவிட்டார். நாம் உறவு என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் என் தலையில் கட்டியிருக்கிறார். அந்தக் கூட்டத்தில் நான் என்ன சொல்லப் போகிறேன் என்பதை உங்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

தேவைக்கேற்ப மாற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்று மேசை, நாற்காலி, அலமாரி எல்லாவற்றுக்கும் சக்கரம் வைத்தீர்கள். நல்ல யோசனைதான். ஆனால் இது பழைய கட்டடம், தரை மேற்குப் பக்கமாக ஓர் அங்குலம் சரிவு. அதனால் காலையில் கதவைத் திறந்தால் நாற்பத்தெட்டு மேசையும் மேற்கு ஜன்னலோரம் என் இருக்கையைச் சுற்றி நிற்கின்றன, நான் அவற்றை ஒவ்வொன்றாகக் கிழக்கே தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் மெதுவாகத் திரும்பி வருகின்றன. வணிகவியல் பேராசிரியர் வாசல் பக்கம் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்க ஆரம்பித்தார், விளையாட்டுப் பக்கத்துக்கு வரும்போது இயற்பியல் அலமாரியில் இடித்துக்கொண்டு நின்றார், செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். மேசையாவது பரவாயில்லை, அலமாரிகளைச் சொல்லணும். போன செவ்வாய்க்கிழமை பொருளாதாரத்தைக் காணோம். ஒரு அலமாரி நிறைய புத்தகம், எங்கே போகும், தேடு தேடுன்னு தேடினா மாணவர்கள் அஞ்சு பேர் அதைத் தள்ளிக்கிட்டுப் போய் வராந்தாவுல சுவர் மாதிரி நிறுத்தி, அதுக்குப் பின்னாடி உட்கார்ந்து ஏதோ விவாதம் பண்ணிக்கிட்டிருக்காங்க. கேட்டா, "இது மாத்தி அமைச்சுக்கற இடம்தானே சார்"னு உங்க வார்த்தையையே எனக்குத் திருப்பிச் சொல்றாங்க. இப்போ தினமும் காலையில பலகையில எழுதிப் போடறேன், இன்னைக்கு வரலாறு ஜன்னல் பக்கம், தாவரவியல் தூணுக்குப் பின்னால, தத்துவம் தேடப்பட்டு வருகிறதுன்னு. அப்படியும் நாள் முழுக்க ஆள் மாத்தி ஆள் வந்து "சார், அது எங்கே, இது எங்கே"ன்னு என் உயிரை வாங்கறாங்க.

என் இருக்கையும் பொது இருக்கை ஆகிவிட்டது. மேசைக்கு டிராயர் கிடையாது, பூட்டு கிடையாது, யார் வேண்டுமானாலும் உட்காரலாம். நான் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் ஒரு மாணவி அதில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கெல்லாம் வழி சொல்லிக்கொண்டிருந்தாள். சரியாகத்தான் சொன்னாள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இந்த வேலையில் எனக்கு முப்பத்தொரு வருஷம் ஆகிறது மாப்பிள்ளை.

விஷயத்தை மகளிடம் போனில் சொன்னேன். "அப்பா, அவர் மூணு மாசம் தூங்காம பண்ணின வேலை. நீங்களே வேண்டாம்னு சொல்லிட்டா ஒடைஞ்சு போயிடுவாரு" என்றாள். உங்கள் அத்தை அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு போடுகிறாள், பேசுவதில்லை. இருந்தாலும் மனசாட்சி என்று ஒன்று இருக்கிறது. இந்த ஏற்பாடு நூலகத்துக்கு ஒத்துவராது, மேல் மாடிகளை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று கூட்டத்தில் சொல்லப் போகிறேன். என் மேல் வருத்தப்படாதீர்கள். படுவீர்கள், எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

எடுத்த காரியமெல்லாம் கைகூடி, இருவரும் நூறாண்டு சண்டையில்லாமல் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
அன்பு மாமா

பின்குறிப்பு: இதை எழுதி இரண்டு நாளாகப் பையிலேயே வைத்திருந்தேன். நேற்று காலை, நூலகம் பெருக்குகிற அம்மா ஒரு மேசையை நிறுத்தி, சக்கரத்துக்கு மேலே இருக்கிற சின்னச் சிவப்புத் தகட்டைக் காலால் அமுக்கினார். மேசை அப்படியே நின்றுவிட்டது. "இது பிரேக்கு சார். ஆஸ்பத்திரிக் கட்டில்ல எல்லாம் இருக்குமே" என்றார். மேசை, நாற்காலி, அலமாரி ஒவ்வொன்றிலும் இருப்பு எண் எழுத நீங்கள் தனியாக இடம் விட்டிருப்பதாக நினைத்து, அந்தத் தகடுகளில் வெள்ளைப் பெயின்ட்டில் நான்தான் எண் எழுதினேன். எழுத்து அழியும், யாரும் மிதிக்கக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டியதும் நான்தான்.

நேற்றே எல்லாவற்றையும் பழைய இடத்தில் நிறுத்தி, எல்லாத் தகட்டையும் மிதித்துவிட்டேன். ஒன்றும் அசையவில்லை. வந்தவர்கள் மேசையைத் தள்ளிப் பார்த்தார்கள், நகராது என்றதும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள், கொஞ்ச நேரத்தில் எழுந்து போனார்கள். புத்தகமெல்லாம் அததன் இடத்தில் இருந்தது, அதனால் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சாயங்காலம் நாலு மணி வரைக்கும் ஒருத்தர்கூட என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பத்தொரு வருஷமும் இப்படியேதான் இருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. கண் கலங்கிவிட்டது, அத்தையிடம் சொல்ல வேண்டாம்.

நாலரை மணிக்கு நானே ஒவ்வொரு தகடாகத் தூக்கிவிட்டேன். ஐந்து மணிக்குள் ஒரு மேசை மெதுவாக என் பக்கத்தில் வந்து நின்றது, அதைச் சுற்றி உட்கார்ந்திருந்த மூன்று பேரும் நாற்காலியோடு கூடவே வந்துவிட்டார்கள். "சார், வேதியியல் இன்னைக்கு எங்கே இருக்கு?" என்றார்கள். எனக்கும் தெரியாது, வாங்க தேடலாம் என்றேன். கூட்டத்தில் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். மேல் மாடிக்கும் சக்கரமே வையுங்கள், பிரேக் வேண்டாம்.