வரி வந்தால் வருவதாகச் சொன்னவருக்கு

சிராங்கூன் ரோடு, சிங்கப்பூர்
ஐப்பசி 8, 1911

ஈப்போவில் ரயில்வே உத்தியோகம் பார்க்கும் என் கணவர் அவர்களுக்குச் சிவகாமசுந்தரி வணக்கத்துடன் எழுதுவது. இவ்விடம் உடம்புக்கு ஒன்றுமில்லை. அவ்விடமும் அப்படியே இருக்க வீரமாகாளியை வேண்டிக்கொள்கிறேன்.

விற்கிற பொருளுக்கெல்லாம் சர்க்கார் வரி போடுவதாக அங்கேயும் பேச்சு என்றும், அப்படி வந்து செலவு கட்டுப்படியாகாவிட்டால் உடனே வந்து என்னை அழைத்துப் போவதாகவும், இல்லாவிட்டால் தை கழியட்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். வரி வந்துவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் வருமுன்னே கொசுறு போய்விட்டது. தேக்காவில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒலி முகம்மது, பருப்பு வாங்கினால் கேட்காமலே ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் ஒரு துண்டு இஞ்சியும் போடுவாரே, திங்கட்கிழமை வெறும் பருப்பை மடித்துக் கொடுத்தார். "நாளைக்கு சர்க்கார் ஆளு வந்து, இஞ்சி எங்கே போச்சு, அதுக்கு வரி எங்கேன்னா நான் என்னத்தச் சொல்ல, வாத்தியாரம்மா?" என்றார். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நம் கூடத்தில் பதினோரு பெண்கள். சென்னையில் கல்லூரியில் படித்தவள் என்பதால் விவாதத்துக்கு நான்தான் தலைமையாம். எதிர்வீட்டுத் தங்கம், வரி கட்டுவது விற்பவரா, வாங்குபவரா என்று கேட்டாள். கட்டுவது அவர், கொடுப்பது நாம் என்றேன். "கல்யாணச் செலவு மாதிரின்னு சொல்லுங்க. ஜம்பம் மாப்பிள்ளை வீட்டுக்கு, காசு பொண்ணு வீட்டுக்கு" என்றாள். பக்கத்து வீட்டு ரத்தினம்மா எழுந்தாள். "விக்கிறதுக்குத்தானே வரி? கொசுறுக்கு ஏது? ஒரே ஒரு வெங்காயம் வாங்குவோம், மிச்சத்த எல்லாம் கொசுறாக் கேப்போம்!" தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. படித்த நானும் கை தூக்கினேன். கூடைகளோடு கடைக்குப் போனோம். ஒலி முகம்மது தாடியைத் தடவியபடி எல்லாவற்றையும் கேட்டார். "ரொம்பச் சரி. கொசுறு எவ்வளவு வேணும்னாலும் அள்ளிக்கங்க. ஆனா அந்த ஒரு வெங்காயம் மட்டும் பத்து வெள்ளி" என்றார். ஆத்திரத்தில் ரத்தினம்மா, விலை ஏறுமுன் வாங்கிவிடுவோம் என்று ஒரு மூட்டை உப்பை வாங்கி, தன் வீட்டில் இடமில்லாமல் நம் அடுப்படியில் இறக்கினாள். அன்றைக்கே மழை. ஒழுகும் ஓட்டை மாற்றத்தான் ஆளில்லையே. உப்பு கரைந்து ஓடி, நடந்தால் குதிகால் வெடிப்பெல்லாம் எரிகிறது.

இன்னொரு செலவையும் சொல்ல வேண்டும். நீங்கள் போய்ப் பதினான்கு மாதமாகியும் என் கை இரண்டு பேருக்குத்தான் அரிசி அளக்கிறது. மிஞ்சியதைத் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் நானே சாப்பிடுகிறேன். இதற்கும் வரிக்கும் என்ன சம்பந்தம் என்று நேற்று வெகுநேரம் யோசித்தேன். அரிசிக்கு வரி வந்தால் நீங்கள் இல்லாததற்கும் சேர்த்தல்லவா நான் கட்ட வேண்டும்?

ஆகவே இந்த ஊரில் தனிக் குடித்தனம் கட்டுப்படியாகாது. கண்ட உடனே புறப்படவும். உங்களுக்குச் சமைத்துப் போடும் சுந்தரத்துக்கு என் ஆசிகள். அவன் கைச் சோறு உங்களுக்குப் பழகிப்போகாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
சிவகாமசுந்தரி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் ரத்தினம்மாவின் வீட்டுக்காரர் பத்திரிகையோடு வந்தார். அப்படி ஒரு வரியே கிடையாதாம், எல்லாம் புரளியாம். கடையில் ஒரு காசுகூட ஏறவில்லை. மறைக்க மனம் வரவில்லை. ஆனால் எந்தக் கடிதத்தையும் நீங்கள் முதல் பக்கத்தோடு மடித்து வைத்துவிடுகிறவர் என்பதால், இதைக் கடைசித் தாளின் பின்புறம் எழுதியிருக்கிறேன். தப்பித் தவறிப் படித்துவிட்டால், படிக்காதவராகவே வந்து சேருங்கள்.