கதைப்பது என் பொறுப்பு

எங்கள் வீட்டை வாசிக்கிற வீடாக மாற்றுவது என்று தீர்மானித்தேன். தீர்மானம் என்னுடையது. வேலை பரீனாவுடையது.

பரீனா என் மனைவி. நான் அபூசாலி, புத்தளம் டவுனில் ஹாட்வெயார் கடை. மகள் ஸம்ஹா தில்லையடி ஸ்கூலில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பெற்றோர் கூட்டத்தில் ஸம்ஹாவின் டீச்சர், “பிள்ளைக்குக் கதை வாசிச்சுக் காட்டுங்க, பொறகு அதப்பத்திப் பிள்ளையோட கதைங்க” என்றார். அதில்தான் எனக்கு வழி தெரிந்தது.

“பரீனா, வாசிக்கிறது நீ. கதைக்கிறது நான்.”

“வாசிக்காம எப்பிடிக் கதைக்கிற?”

“கேள்வி கேக்கிறதுக்கு வாசிக்கணுமா? கதை எப்பிடி, என்ன படிச்ச, அவ்வளவுதான்!”

“சரி” என்றாள் பரீனா. அவள் இவ்வளவு சீக்கிரம் சரி என்றால் நான் பயப்பட வேண்டும். அன்றைக்குப் பயப்படவில்லை.

மறுநாள் லைப்ரரியிலிருந்து ஒரு புத்தகம் எடுத்து வந்தாள்.

“இஞ்சருங்க, புள்ளைக்குக் குடுக்க முதல் நீங்க ஒருக்கா வாசிச்சிட்டுத் தாங்க.”

“ஓம் ஓம்.”

அடுத்த நாள் கடையில் அது மேசை லாச்சிக்குள், ஆணிகளோடு பகல் முழுக்கத் தூங்கியது. பரீனா சொல்லியிருந்ததால் அன்றைக்கு மட்டும் நேரத்தோடு, மஃரிப் தொழுகை முடிந்ததும் வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

“வாசிச்சீங்களா?”

“ஒரே மூச்சில!”

“எழுத்து எப்பிடி?”

“அருமையான தமிழ். சின்னப் புள்ளைக்கும் விளங்கும்.”

“அப்ப வாங்க. ஸம்ஹா, வாப்பா வாசிச்சுக் காட்டப் போறார்.”

நான் கதிரையில் இருந்தேன். ஸம்ஹா என் முழங்காலில் சாய்ந்துகொண்டு புத்தகத்தை விரித்தாள். படம். அடுத்த பக்கம், படம். அதற்கடுத்ததும் படம். கடைசிப் பக்கம் வரை ஓர் எழுத்து இல்லை.

“வாப்பா, அருமையான தமிழ் எங்க?”

பரீனா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தப்பியிருப்பேன். “வாசிங்க, நாங்க கேக்கிறம்” என்று பாயில் உட்கார்ந்துவிட்டாள்.

வேறு வழியில்லை. படத்தில் ஜன்னலில் நிற்கும் ஒரு பிள்ளை, மோட்டார் சைக்கிளில் போகும் ஒரு மனிதன். “வாப்பா கடைக்குப் போறார்” என்று தொடங்கினேன்.

“அவர்ட முகத்தக் காட்டுங்க பாப்பம்” என்றாள் ஸம்ஹா.

பக்கங்களைப் புரட்டினேன். முதுகு, நிழல், கழற்றிய செருப்பு. முகம் எங்குமே இல்லை.

“ஏன் இல்ல?” என்றேன். எனக்கு உண்மையாகவே தெரியாததால் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

“புள்ள எழும்ப முதல் போறார். தூங்கின பொறகு வாறார். படம் கீறுறவருக்கு முகம் எப்பிடித் தெரியும்?”

ஸம்ஹா அழவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. வானிலை சொல்வது மாதிரிச் சொன்னாள். நான் ஜன்னல் படத்துக்கே திரும்பவும் புரட்டினேன்.

“அந்தப் புள்ளைக்கு என்ன வேணும்?”

“தெரியாது. கேட்டுப் பாப்பமா?”

கேட்டுப் பார்த்தோம். பிள்ளைக்கு நாங்களே பெயர் வைத்தோம், வாப்பாவுக்கு மீசை வைத்தோம், முகமும் வைத்தோம். இரவு இஷா பாங்கு சொன்னபோதுதான் நேரம் போனது தெரிந்தது. என் மகளோடு இவ்வளவு நேரம் நான் கதைத்தது இதுதான் முதல் தடவை.

அடுத்த நாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு கடையை வேலைக்காரப் பையனிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். பரீனா அப்போதுதான் ஃபோனை வைத்தாள்.

“டீச்சர் எடுத்தாங்க. பிள்ளைகளோட எப்பிடி வாசிச்சுக் கதைக்கிறதெண்டு சனிக்கிழமை மத்த வாப்பாமாருக்குச் சொல்லிக் குடுக்க ஒராள் வேணுமாம். உங்கட பேரக் குடுத்திட்டன்.”

“ஐயோ, எனக்கு ஒண்டும் தெரியாதே!”

“அதச் சொல்லித்தான் உங்கட பேரக் குடுத்தன். இவருக்கே முடியுமெண்டா நமக்கும் முடியும் எண்டு அவங்களுக்குத் தைரியம் வரட்டும்.”