வாலில் ரோஜா மாலை

மேடையில் அரை மணி நேரம் விளக்கிய விஷயத்தை, இறங்கி வந்ததும் அடியோடு மறப்பதற்குத் தனித் திறமை வேண்டும். எனக்கு அது நிறையவே உண்டு.

தஞ்சாவூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்த புதிது. ஆண்டு விழாவில் என் விமானம் ஒழுங்காகப் பறந்தால் வேலை நிரந்தரம் என்று முதல்வர் சொல்லியிருந்தார். (பறக்காவிட்டால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.)

விமானம் என்றால், இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவே ராணுவ விமானிகள் பழகிய இரட்டை இறக்கை விமானத்தின் மாதிரி. ரிமோட்டில் பறக்கும். அதன் கதையை மேடையில் பொளந்து கட்டினேன். முன்னால் ஆசிரியர், பின்னால் மாணவர், இருவர் கையிலும் கட்டுப்பாடு. ஆபத்து வந்தால் ஆசிரியர் பாராசூட்டோடு குதிக்க மேல் இறக்கை இடைஞ்சலாக இருந்ததாம். அதை முன்னால் நகர்த்தினார்கள், சமநிலை கெட்டது, இறக்கைகளைப் பின்னோக்கிச் சாய்த்துச் சரிசெய்தார்கள். "எடை கொஞ்சம் இடம் மாறினாலும் ஆபத்து!" என்று மேஜையைத் தட்டினேன். பலத்த கைதட்டல்.

எங்களிடமும் இரண்டு ரிமோட். ஒன்று என்னிடம். ஆசிரியர் ரிமோட் ஆய்வக உதவியாளர் பஷீரிடம். அவர் ஒரு சுவிட்சைத் தட்டினால் விமானம் அவர் பேச்சைத்தான் கேட்கும்.

பிறகு பூஜை. சந்தனம், குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். மாலையை முன்னால் போட்டால் காற்றாடி அறுத்துவிடும் என்று வாலில் சுற்றினேன். கழற்றப் போனபோது முதல்வர், "சாமி மாலைங்க, இருக்கட்டும்" என்றார்.

பஷீர் காதோரம் வந்தார். "சார், வால் கனமாயிடும். நீங்கதானே இப்ப சொன்னீங்க?"

"ரோஜாப்பூ என்ன கனம் பஷீர்? பேசாம இருங்க."

(தண்ணீர் தெளித்த ரோஜா மாலை நல்ல கனம்.)

விமானம் எழும்பியது. எழும்பிக்கொண்டே போய், மூக்கு வானத்தைப் பார்க்க ஒரு கணம் நின்றது. பின் சரிந்து, முதல்வர் உட்கார்ந்திருந்த பந்தலை நோக்கி வந்தது. நான் திருகாத குமிழ் இல்லை. நான் "பஷீர்!" என்று கத்தினேனாம். எனக்கு "அம்மா!" என்று கத்தியதாகத்தான் ஞாபகம்.

பஷீர் சுவிட்சைத் தட்டினார். பந்தல் ஓரத்தை உரசிய விமானம் வளைந்துபோய், பக்கத்து வயலின் நாற்றங்காலில் மூக்குவரை புதைந்தது.

முதல்வர் எழுந்தார். "யாரு இறக்கினது?"

நான் என் ரிமோட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

"நான்தாங்க சார்," என்றார் பஷீர். "ஆசிரியர் கட்டுப்பாடு எப்படின்னு சார் மேடையில சொன்னாருல்ல, அதைத்தான் காட்டினோம்."

முதல்வர் சேற்றில் நீட்டிக்கொண்டிருந்த வாலையும் மாலையையும் பார்த்தார். இருக்கட்டும் என்று சொன்னது யார் என்பது அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். மறுவாரம் என் வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

அந்த வேலையில்தான் இன்றும் இருக்கிறேன். வீடு, பிள்ளைகள் படிப்பு எல்லாம் அதில் வந்தவை. அன்று ஒரு சுவிட்சைத் தட்டிய விரலுக்கு நான் எப்படி நன்றி சொல்வது?

போன மாதம் கார் வாங்கினோம். பூஜை நேரத்தில் மாலையோடு நின்ற மனைவி, "எங்க போடறதுன்னு உங்களக் கேக்கல. பஷீர் அண்ணனுக்கு ஃபோன் போடுங்க" என்றாள்.

போட்டேன். அவர் சிரித்து முடிக்கவே ஒரு நிமிடம் ஆனது.

"எங்க வேணா போடுங்க சார். கார் பறக்காது."